பதில் வராத நாற்பத்தொன்றாவது கார்டு

சென்ற வாரம், சகாயம்மாள் கொண்டு வந்த காபி சாஸரில் சிந்தியதோடு நிறுத்தியிருந்தோம். பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் பெண்ணுக்குக் கை நடுங்கலாம், அது ஊர் வழக்கம். பெண்ணின் அம்மாவுக்கு எதற்கு நடுங்கியது என்று அப்போதே எனக்குச் சந்தேகம்தான்.

வந்திருந்த மாப்பிள்ளை அமிர்தராஜ். துவாக்குடியில் இன்ஜினீயரிங் மாணவர்களுக்குக் கண்ணாடி, பீங்கான், சிமெண்ட் பற்றியெல்லாம் பாடம் நடத்துகிறவர். பெண்ணைப் பார்த்தோமா, பஜ்ஜியைச் சாப்பிட்டோமா என்று எழுந்து போயிருக்கலாம். பெண்ணின் அப்பா, பாலக்கரைப் பல் டாக்டர் சவரிநாதன், தான் பத்து வருஷத்துக்கு முன் கட்டிய நாற்பத்தொரு பீங்கான் பற்களில் ஒன்றுகூட உடையவில்லை என்று சொன்னதும், மனிதருக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"ஒண்ணுகூடவா சார்? பீங்கான்ல கண்ணுக்குத் தெரியாத கீறல் இருக்கும். எச்சில்ல ஊற ஊற, கடிக்கக் கடிக்க, அது மெதுவா வளரும். வருஷக்கணக்கா ஒண்ணும் தெரியாது. கடைசியில கடலை மிட்டாய்ல உடையாது, வாழைப்பழத்துல உடையும்."

வாழைப்பழம் என்ற இடத்தில்தான் காபி சிந்தியது.

"தம்பி, உங்க பீங்கான் லேபரட்டரியில இருக்கு. என் பீங்கான் ஜனங்க வாயில இருக்கு" என்றார் டாக்டர். அதோடு சம்பந்தப் பேச்சு அந்தரத்தில் நிற்கிறது.

இன்று ஞாயிற்றுக்கிழமை. சாயங்காலம் ஆறு மணிக்கு ஜங்ஷன் பக்கத்தில் ஒரு ஓட்டல் மாடி ஹாலில் பல் மருத்துவர்கள் கூடுகிறார்கள். அங்கே டாக்டர் சவரிநாதன் தன் பத்து வருஷத்துப் பீங்கான் பற்களைப் பற்றி ஒரு ஆராய்ச்சிப் பேப்பர் படிக்கப் போகிறார். இருபத்தெட்டு வருஷமாகப் பிறர் பேப்பர் படிக்கக் கை தட்டியவருக்கு இது முதல் முறை.

பெருமைப்படக் காரணம் இல்லாமல் இல்லை. எழுபத்து மூன்றில் பம்பாய் போய் மூன்று மாதம் தங்கி வித்தையைக் கற்றுக்கொண்டு, அதற்கான சின்ன மின்சார அடுப்பு ஒன்றையும் வாங்கி வந்தார். அதை வீட்டு மாடியில் வைத்தார். காகிதத்தைவிட மெல்லிய பிளாட்டினத் தகட்டை அச்சுப் பல்லின் மேல் சுற்றி, பீங்கான் மாவைக் குழைத்துத் தூரிகையால் பூசி, அடுப்பில் வைத்துச் சுடுவார். கரண்ட் இறங்கினால் நிறம் மாறிவிடும். மறுபடி பூசுவார், மறுபடி சுடுவார். அப்படிச் சுட்ட முதல் பல்லைத் தன் மனைவி சகாயம்மாளுக்குத்தான் பொருத்தினார். பேப்பரிலும் முதல் கேஸ் அவள்தான்.

"நீயும் வரணும் சகாயம். அந்த ஊதாப் பட்டைக் கட்டிக்க" என்றார், காலையில் பூசை முடிந்து சகாயமாதா கோவிலிலிருந்து திரும்பி வரும்போது.

"டாக்டருங்க பேசற இடத்துல நான் எதுக்குங்க?"

"வாயேன். ஒரு காரணம் இருக்கு."

சகாயம்மாள் முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டாள். அவள் எதற்கும் முந்தானையை வாய்க்குக் கொண்டுபோவாள். வீட்டில் அதை யாரும் கவனிப்பதில்லை.

அமிர்தராஜ் பார்த்துவிட்டுப் போன பெண், மகள் லூர்துராணிக்கு, டாக்டர் வேறு வேலை வைத்திருந்தார்.

"அந்த ஸ்ரீரங்கத்துக் கார்டு மட்டும் இன்னும் வரலைம்மா. நாற்பத்தொண்ணு அனுப்பிட்டு நாற்பதுதான் வந்துச்சுன்னு மேடையில சொல்லவா முடியும்? நீ ஒரு நடை போய் ராமானுஜம் சார்கிட்ட ஒரு வார்த்தை கேட்டு எழுதி வாங்கிட்டு வந்துடு."

கார்டு சமாச்சாரம் முழுக்க லூர்துராணியின் யோசனை. எம்.எஸ்ஸி. புள்ளியியல் படித்துவிட்டுக் கல்லூரியில் அதையே சொல்லிக் கொடுக்கிறவள். பழைய பேஷண்ட்டுகளுக்குப் பதில் அட்டை ஒட்டிய தபால் கார்டு அனுப்பலாம் என்றாள். வாசகத்தையும் அவளே எழுதினாள். "அன்புடையீர், பத்து ஆண்டுகளுக்கு முன் நான் கட்டிய தங்கள் பல் நலமாக இருக்கிறதா? ஆம் / இல்லை. என்றும் தங்கள் நலம் நாடும்" என்று அச்சடித்து, கீழே ஒவ்வொரு கார்டிலும் அப்பாவைக் கையெழுத்துப் போடச் சொன்னாள். நாற்பது பதில்கள் வந்தன. நாற்பதும் ஆம்.

ஒண்ணாம் நம்பர் பஸ்ஸில் காவேரிப் பாலத்தைத் தாண்டும்போது அமிர்தராஜின் வாழைப்பழம் அவள் நினைவுக்கு வந்தது. அம்மாவின் கை நடுங்கியதும் நினைவுக்கு வந்தது. இரண்டையும் சேர்த்துப் பார்க்க அவளுக்கு அப்போது தோன்றவில்லை.

*

ராமானுஜம் ஸ்கூல் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். உத்தர வீதியில் வீடு. தினமும் கோவிலில் பிரபந்த கோஷ்டியில் நின்று சேவிக்கிறவர். முன் பல் ஒன்று போனபோது பாசுரம் சொல்லும்போது காற்று போகிறதே என்று டாக்டரிடம் வந்து கண் கலங்கியவர்.

"வாம்மா, வா. டாக்டர் க்ஷேமமா இருக்காரோ?"

"நல்லா இருக்காங்க சார். உங்க கார்டு மட்டும் வரல. அப்பா கேட்டுட்டு வரச் சொன்னாங்க."

ராமானுஜம் உட்காரச் சொன்னார். தீர்த்தம் கொண்டு வந்து கொடுத்தார். வெயிலைப் பற்றி விசாரித்தார். பிறகு எழுந்து போய்ப் பூஜை அலமாரியிலிருந்து கார்டை எடுத்து வந்து அவள் முன்னால் வைத்தார். பதிலுக்கான இடம் ஒரு எழுத்துக்கூட எழுதாமல் வெறுமையாக இருந்தது.

"ஒண்ணரை மாசமா பெருமாள் படத்துக்குக் கீழே இருக்கு. பொய் எழுதக் கை வரலை. நெஜத்தை எழுத மனசு வரலை."

லூர்துராணி நிமிர்ந்து அவர் வாயைப் பார்த்தாள்.

"உடைஞ்சுடுச்சா சார்?"

"ஆறு வருஷம் ஆறதும்மா. ஆத்துல திருக்கண்ணமுது சாப்பிட்டுண்டிருந்தேன். முறுக்கா, சீடையா? வெறும் பாயசம். டக்குன்னு ஒரு சத்தம். பார்த்தா பாதிப் பல்லு தொன்னையில கிடக்கு." அவர் உதட்டை லேசாகத் தூக்கிக் காட்டினார். மஞ்சளாய்ப் போன பிளாஸ்டிக் பல் ஒன்று அங்கே இருந்தது. "சிந்தாமணியில ஒரு பல் டாக்டர்கிட்டப் போய் இதை வெச்சுண்டேன்."

"அப்பாகிட்டயே வந்திருக்கலாமே சார். திரும்பச் செஞ்சு கொடுத்திருப்பாங்களே."

"எப்படிம்மா வர்றது? இந்த ஒரு பல்லுக்கு அவர் நாலு தடவை அடுப்பு மூட்டினார். நெறம் சேரலை, நெறம் சேரலைன்னு திரும்பத் திரும்பச் சுட்டார். கடைசியில பொருத்திட்டு, ஒரு பாசுரம் சேவிங்கோன்னார். அவர் வேற மதம், என்னைப் பாசுரம் சேவிக்கச் சொல்றார். சேவிச்சேன். எனக்கு முன்னாடி அவர் கண்ணுல ஜலம் வந்துடுத்து. அப்பேர்ப்பட்ட மனுஷர்கிட்டப் போய், நீர் பண்ணிக் கொடுத்தது உடைஞ்சுபோச்சுன்னு வாயைத் திறந்து காட்டறதா? அது அபசாரம் இல்லையோ?"

லூர்துராணி கார்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். என்றும் தங்கள் நலம் நாடும். அதன் கீழே அப்பாவின் கையெழுத்து. வகுப்பில் அவள் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கும் முதல் பாடமே, கேட்கிறவர் மனசு நோகுமே என்று பதில் சொல்கிறவர் நினைக்கும்படி ஒரு கேள்வியைக் கேட்காதே என்பதுதான். ஊருக்குத்தான் உபதேசம் போலிருக்கிறது. இப்படி ஒரு கார்டு வந்தால் இந்த ஊரில் யார் இல்லை என்று எழுதுவார்கள் என்று நினைத்தபோது, அவளுக்கு அந்த வீட்டின் செங்கல் தரைக்குள் புகுந்துகொள்ளலாம் போல வெட்கமாக இருந்தது.

"சார், எனக்காக இதுல உள்ளதை எழுதிக் கொடுங்க."

"டாக்டருக்கு மனசு நோகுமேம்மா."

"நோகட்டும் சார்."

ராமானுஜம் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். இல்லை என்பதை வட்டமிட்டுச் சுழித்தார். கீழே வாத்தியார் கையெழுத்தில், "ஆறு வருஷத்துக்கு முன் உடைந்துவிட்டது. டாக்டரிடம் சொல்லாதது அடியேன் பிழை. க்ஷமிக்க வேண்டும்" என்று எழுதி நீட்டினார்.

*

திரும்பும் வழியில் அவள் காந்தி மார்க்கெட்டில் இறங்கினாள். பட்டியலில் பதினாறாம் எண், வெங்காய மண்டி காஜா மைதீன். அவருடைய பதில் கார்டு முதல் வாரமே வந்துவிட்டது. ஆம் என்பதை இரண்டு தரம் சுழித்திருந்தார்.

மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்த காஜா மைதீன், டாக்டர் மகளைப் பார்த்ததும் வாய் நிறையச் சிரித்தார். முன் வரிசையில் தங்கப் பல் ஒன்று பளிச்சென்றது. கேள்வியே கேட்க வேண்டியிருக்கவில்லை.

"இது எப்பங்க பாய் மாத்தினீங்க?"

அவர் சட்டென்று வாயை மூடிக்கொண்டார். கல்லாவில் இருந்த பையனை டீ வாங்க அனுப்பினார். "அது வந்தும்மா, எம்பத்தொண்ணுலன்னு நெனைக்கிறேன். பேரீச்சம்பழம் சாப்பிட்டேன், கொட்டை எடுத்ததுதான். உடைஞ்சுருச்சு."

"கார்டுல நல்லா இருக்குன்னு எழுதினீங்களே."

"மனுஷன் கையெழுத்துப் போட்டு நல்லா இருக்கான்னு கேக்குறாரு. அதுக்கு, இல்ல, உடைஞ்சு போச்சுன்னு எழுதுறது மனுஷத்தனமாம்மா? அவர் முகத்தை நெனச்சுப் பாத்தேன். அல்லா மன்னிப்பான்னு சுழிச்சுட்டேன்." பிறகு குரலைத் தாழ்த்தி, "அவருக்குச் சொல்லிடாதீங்க" என்றார்.

இரண்டு பேரைக் கேட்டாள், இரண்டு பேருக்கும் உடைந்திருந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். திருச்சியில் அத்தனை பேர் சேர்ந்து, அன்பாக, மரியாதையாக மறைத்திருக்கிறார்கள். பாலக்கரைக்கு அவள் நடந்தே வந்தாள். வீட்டு வாசலுக்கு வந்தபோதுதான் காபியும் வாழைப்பழமும் ஒன்று சேர்ந்தன.

*

சகாயம்மாள் பின்கட்டில் ஊதாப் பட்டுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். நல்ல வெயில்.

"அம்மா, கொஞ்சம் வாயைத் திற."

"என்னடி இது, சின்னப் பிள்ளை மாதிரி?"

"திறம்மா."

சகாயம்மாள் மறுத்துப் பார்த்தாள். மகள் முகத்தைப் பார்த்ததும் பெட்டியை ஓரமாக வைத்துவிட்டு, முந்தானையை இறக்கினாள். மேல் வரிசை முன் பல் அழகாகத்தான் இருந்தது. ஈறு ஓரத்தில் மட்டும் பென்சிலால் கோடு இழுத்தது போல மெல்லிய சாம்பல் கோடு.

பல் டாக்டர் வீட்டுப் பெண்ணுக்கு அது என்னவென்று தெரியும். உள்ளே உலோகத் தொப்பி வைத்து மேலே பீங்கான் சுடுகிற வகை. லேசில் உடையாது. ஆனால் வருஷம் ஆக ஆக ஈறு மேலே ஏறி, உள்ளே இருக்கும் உலோகம் எட்டிப் பார்க்கும். சவரிநாதன் அதைத் தகரப் பல் என்பார். தன் கையால் ஒரு தகரப் பல்லும் கட்டியதில்லை என்று மார் தட்டுவார்.

"எப்பம்மா?"

"எழுபத்தெட்டுல. அமலராணி சித்தி வீட்டுக்குத் தஞ்சாவூர் போயிருந்தேனே, ஒரு வாரம். போன அன்னிக்கே, வாழைப்பழம் சாப்பிடும்போது." சகாயம்மாள் சொல்லிக்கொண்டே மறுபடி முந்தானையை எடுத்து வாயில் வைத்துக்கொண்டாள். "அப்படியே வீட்டுக்கு வந்து எப்படி அவர் முன்னாடி நிக்கிறது? முதல் பல்லுன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டு இருக்காரு. சித்திதான் அங்க ஒரு டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போனா. அவசரமா மெட்ராசுக்கு ஆள் அனுப்பிப் பல்லு வரவழைச்சுக் கட்டினாரு."

"எந்த டாக்டர்?"

சகாயம்மாள் பட்டின் மடிப்பை நீவி விட்டாள்.

"ரெங்கநாதன்."

இன்றைய கூட்டத்துக்குத் தலைமை அவர்தான். அப்பாவோடு ஒன்றாகப் படித்தவர்.

"அவருக்கு எல்லாம் தெரியுமா?"

"தெரியும். சொல்ல மாட்டேன்னு வாக்குக் கொடுத்திருக்காரு." அவள் கண் நிறைந்துவிட்டது. "லூர்து, ஆறு வருஷமா உங்கப்பா முன்னாடி நான் வாய் விட்டுச் சிரிக்கலடி. ஒரு நாள் நிமிர்ந்து பாத்தாருன்னா தெரிஞ்சுபோயிரும்னு ஒவ்வொரு நாளும் பயந்தேன். அவர் பாக்கவே இல்ல. அதுவும் ஒரு மாதிரி இருக்கு."

ஊரார் பல்லையெல்லாம் பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கிறவர், எதிரே உட்கார்ந்து மூன்று வேளை சாப்பிடுகிறவள் பல்லைப் பார்க்கவில்லை. இதைக் கேட்டுச் சிரிப்பதா அழுவதா என்று எனக்கே தெரியவில்லை, லூர்துராணிக்கு எப்படித் தெரியும்?

"இன்னிக்கு ஒரு நாள் விட்டுரு. நாளைக்கு நானே சொல்லிடறேன்" என்றாள் சகாயம்மாள். "அவருக்கு மாலை போடற நாள்டி இது."

*

மூன்றரை மணிக்கு டாக்டர் நிலைக்கண்ணாடி முன்னால் நின்று பேப்பரைச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார். கோட்டு போட்டிருந்தார். மகள் கதவருகே வந்து நின்றதைக் கண்ணாடியிலேயே பார்த்தார்.

"என்னம்மா சொன்னார் ராமானுஜம் சார்?"

சொல்ல வேண்டும் என்றுதான் அவள் வந்தாள். வரும் வழியெல்லாம் வாக்கியத்தைக்கூடத் தயார் செய்துகொண்டு வந்தாள். கண்ணாடியில் தெரிந்த முகம் பள்ளிக்கூடப் பரிசளிப்புக்குக் கிளம்பும் பிள்ளை முகமாக இருந்தது.

"கார்டு எழுதிக் கொடுத்துட்டாருப்பா. ஃபைல்ல வெச்சுட்டேன்."

"அப்ப நாற்பத்தொண்ணு."

அவள் தலையாட்டவும் இல்லை, மறுக்கவும் இல்லை. தண்ணீர் கொண்டு வருகிற சாக்கில் உள்ளே போய்விட்டாள். காலையில் இரண்டு பேரைப் பார்த்து, இவ்வளவு பெரியவர்கள் ஒரு வார்த்தை உண்மை சொல்ல இத்தனை பயப்படுகிறார்களே என்று மனசுக்குள் ஏளனம் செய்தவள் அவள். இப்போது தானும் அந்தக் கூட்டத்தில் சேர்ந்துவிட்டோம் என்று தெரிந்தது. கார்டை அவள் நாலாம் பக்கத்தில் செருகியிருந்தாள், நாற்பத்தொன்று என்ற எண் வரும் பக்கத்தில். வாயால் சொல்லத் துணிச்சல் இல்லாதவள், பேப்பர் சொல்லட்டும் என்று விட்டுவிட்டாள்.

*

ஹாலில் முப்பது டாக்டர்களுக்கு மேல் இருந்தார்கள். கடைசி வரிசையில் அமிர்தராஜ் உட்கார்ந்திருந்தார், யார் அழைத்தார்களோ. ரெங்கநாதன் முன் வரிசைக்கு வந்து சகாயம்மாளைக் கும்பிட்டு, "நல்லா இருக்கீங்களாம்மா?" என்றார். "இருக்கேங்க" என்று சகாயம்மாள் முந்தானைக்குப் பின்னாலிருந்து சொன்னாள். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

சவரிநாதன் கணீரென்று இங்கிலீஷில் படித்தார். பம்பாய் வந்தது, அடுப்பு வந்தது, பிளாட்டினத் தகடு வந்தது. நாலாம் பக்கம் புரண்டது.

கார்டு மேஜை மேல் விழுந்தது. டாக்டர் அதை எடுத்துப் பார்த்தார். ஒரு முறை படித்து, இன்னொரு முறையும் படித்தார். லூர்துராணி இரண்டு கையையும் மடியில் இறுக்கிக்கொண்டாள்.

அவர் கார்டை மடித்துக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"நாற்பத்தொன்றில் நாற்பத்தொன்றும் நலம்" என்று படித்தார்.

கை தட்டினார்கள். இது தன் அப்பாதானா என்று லூர்துராணி நினைத்தாள். தனக்கு அதை நினைக்க என்ன யோக்கியதை என்றும் நினைத்தாள்.

டாக்டர் கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது.

"இதை நான் சொல்லி நீங்க நம்ப வேண்டாம். முதல் கேஸ் இங்கயே இருக்காங்க. என் மனைவி. பத்து வருஷப் பீங்கானை நீங்களே வந்து பாருங்க. சகாயம், மேடைக்கு வா."

ஊதாப் பட்டுக்கு இதுதான் காரணம்.

சகாயம்மாள் அசையவில்லை. ரெங்கநாதன் நாற்காலியை நகர்த்தினார். "சவரி, அம்மாவை எதுக்குச் சிரமப்படுத்திக்கிட்டு? பேப்பரே போதுமே."

"ஒரு சிரமமும் இல்ல. வா சகாயம்."

முப்பது பேர் திரும்பிப் பார்க்கிறார்கள். போகாமல் இருக்க வழி இல்லை. சகாயம்மாள் மேடை ஏறி நாற்காலியில் உட்கார்ந்தாள். டாக்டர் பையிலிருந்து டார்ச்சை எடுத்தார். அவள் கண்ணை மூடிக்கொண்டு வாயைத் திறந்தாள்.

டார்ச் வெளிச்சம் பல்லில் விழுந்தது. ஈறு ஓரத்தில் நின்றது. அங்கேயே நின்றது.

இருபத்தெட்டு வருஷம் வாய்களைப் பார்த்த மனிதர். சாம்பல் கோட்டைப் படிக்க அவருக்கு ஒரு நொடி போதும். நிமிர்ந்து மனைவியைப் பார்த்தார். மூடிய இமைகளுக்கு அடியிலிருந்து கண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. முன் வரிசையைப் பார்த்தார். ரெங்கநாதன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

டாக்டர் டார்ச்சை அணைத்தார். மைக்குக்கு வந்தார். இங்கிலீஷ் எங்கே போயிற்றோ, தமிழில்தான் வந்தது.

"இந்தப் பல் நான் கட்டினது இல்லை."

அவர் கோட்டுப் பையிலிருந்து கார்டை எடுத்தார். ராமானுஜம் எழுதிய மூன்று வரியையும் படித்தார், க்ஷமிக்க வேண்டும் என்பது உட்பட.

"இந்தக் கார்டை அஞ்சு நிமிஷம் முன்னாடியே நான் படிச்சுட்டேன். படிச்சுட்டுப் பாக்கெட்ல போட்டுக்கிட்டு, உங்ககிட்ட நாற்பத்தொண்ணுன்னு சொன்னேன். அந்தப் பெரியவர் என்கிட்ட மன்னிப்புக் கேட்டிருக்காரு. எனக்கு வெக்கமா இருக்கு. இந்தப் பேப்பரை வாபஸ் வாங்கிக்கிறேன். என் பல் எத்தனை உடைஞ்சுதுன்னு எனக்குத் தெரியாது."

மூன்றாவது வரிசையில் சிந்தாமணி டாக்டர் எழுந்தார். "சார், என்கிட்ட உங்க பேஷண்ட் நாலு பேர் வந்தாங்க. உங்ககிட்டச் சொல்ல வேண்டாம்னு கேட்டுக்கிட்டாங்க."

"எங்கிட்ட ரெண்டு" என்றார் உறையூர்க்காரர்.

"எங்கிட்ட மூணு சார். ஒருத்தருக்கு இட்லியில உடைஞ்சுது" என்றார் இன்னொருவர்.

ஒவ்வொருவராக எழுந்தார்கள். சவரிநாதன் மேடையில் நின்று ஒவ்வொருவரையும் பார்த்து, "சொல்லுங்க, சொல்லுங்க" என்றார். லூர்துராணி அழைப்பிதழின் பின்பக்கத்தில் கோடு போட்டுக்கொண்டே வந்தாள். பத்து வருஷத்தில் முதல் தடவையாக உண்மையான கணக்கு எடுக்கப்படுகிறது என்று அவளுக்குள் இருந்த வாத்தியாரம்மா நினைத்தாள். ஊருக்கே தெரிந்த ஒன்று அப்பாவுக்கு மட்டும் தெரியாமல் இருந்திருக்கிறது என்று மகள் நினைத்தாள். ரெங்கநாதன் கடைசியாக எழுந்து, "எங்கிட்ட ஒண்ணு" என்றார். கோடுகள் பதினெட்டில் நின்றன.

அந்தப் பதினெட்டை எண்ணி முடித்துத் தலை நிமிர்ந்தபோதுதான் மேடையில் நாற்காலி காலியாக இருப்பதை அவள் பார்த்தாள். டாக்டரும் அப்போதுதான் பார்த்தார். கணக்குச் சுவாரசியத்தில் இருவருமே சகாயம்மாளை மறந்துபோயிருந்தார்கள்.

மாடிப்படி, வராந்தா, கைகழுவும் இடம் எங்கும் இல்லை. கீழே கேட்டில் வாட்ச்மேன் வீரமலை பீடியை மறைத்துக்கொண்டு எழுந்து நின்றான்.

"ஊதாப் பொடவைம்மாங்களா? அவங்க அப்பவே போயிட்டாங்களே. தஞ்சாவூர் பஸ் எங்க நிக்கும்னு கேட்டாங்க. வாயைப் பொத்திக்கிட்டே கேட்டாங்க. எனக்கு ரெண்டு தரம் சொல்ல வேண்டியிருந்துச்சு."

டாக்டர் கையில் இன்னும் டார்ச் இருந்தது.

"அப்பா, நான் மத்தியானமே உங்ககிட்டச் சொல்லியிருக்கணும்" என்றாள் லூர்துராணி. "அம்மா பல்லு உடைஞ்சு ஆறு வருஷம் ஆச்சாம். அம்மாவும் நாளைக்குச் சொல்றேன்னு..."

"நீங்க ஏன் சொல்லலைன்னு நான் கேக்கப் போறதில்லம்மா." அவர் பஸ் ஸ்டாண்ட் பக்கம் நடக்கத் தொடங்கியிருந்தார். "ஆறு வருஷமா நீங்க எதைப் பாத்துக்கிட்டு இருந்தீங்கன்னு அவ கேட்டா, அதுக்கு நான் என்ன பதில் சொல்றது?"

லூர்துராணி அவர் பின்னால் ஓடினாள். அவர்கள் போய்ச் சேர்ந்தபோது தஞ்சாவூர் பஸ் கிளம்பிப் பத்து நிமிஷம் ஆகியிருந்தது.